மரபணுவைக் கொண்டு சேர்க்கும் வைரஸ்கள்

தமிழ்நாட்டு நாளிதழ்கள் 2021-இல் '16 கோடி ரூபாய் ஊசி' என்று எழுதிய மருந்தின் பெயர் ஸோல்ஜென்ஸ்மா. தண்டுவடத் தசைநார் சிதைவு நோயோடு பிறந்த குழந்தைகளுக்கு வாழ்நாளில் ஒரே ஒரு முறை இரத்தத்தில் ஏற்றப்படும் மருந்து அது. அந்தக் குப்பிக்குள் இருப்பவை வைரஸ்கள். குழந்தையின் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 110 லட்சம் கோடி துகள்கள் என்பது கணக்கு; ஐந்து கிலோ குழந்தை என்றால் 550 லட்சம் கோடி. குழந்தையிடம் பழுதாகிவிட்ட எஸ்.எம்.என்.1 என்ற மரபணுவின் நல்ல படி ஒவ்வொரு துகளுக்குள்ளும் இருக்கிறது. அது போய்ச் சேர வேண்டிய இடம் தண்டுவடத்தில் தசைகளை இயக்கும் நரம்பணுக்கள். ஏற்றியதில் பெரும்பகுதியோ கல்லீரலில் போய்த் தங்கிவிடுகிறது. சிறு பகுதியாவது தண்டுவடத்தை எட்ட வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனை லட்சம் கோடி.

மரபணுச் சிகிச்சையின் இன்றைய பெரிய சிக்கல் இந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடுகிறது. ஆயிரக்கணக்கான பரம்பரை நோய்களில் எந்த மரபணு கெட்டிருக்கிறது என்பது இப்போது தெரியும். அதன் சரியான படியை ஆய்வகத்தில் எழுதி எடுப்பதும் பெரிய வேலை இல்லை. அதை உடலுக்குள் உரிய செல்லுக்கு, உரிய அளவில், தீங்கில்லாமல் கொண்டு சேர்ப்பதுதான் கடினம். சுமந்து செல்லும் வைரஸைத் தாங்கிக் கடத்தி, சுருக்கமாகக் கடத்தி, என்று பாடநூல்கள் அழைக்கின்றன. கடத்தி சரியான இடத்துக்குப் போனால் மருந்தளவு குறையும். அளவு குறைந்தால் பக்கவிளைவும் குறையும், விலையும் குறைய வழி பிறக்கும். கடந்த இருபது ஆண்டுகளாக இத்துறையின் உழைப்பில் பெரும்பகுதி வைரஸின் மேலுறையைத் திருத்துவதில் செலவாவதற்குக் காரணம் இதுதான்.

இந்த வேலைக்கு வைரஸைத் தேர்ந்தெடுத்ததில் வியப்பில்லை. செல்லின் சவ்வைத் தாண்டி உள்ளே நுழைந்து தன் மரபுப்பொருளை ஒப்படைப்பதே வைரஸின் பிழைப்பு. அதன் சொந்த மரபணுக்களை எடுத்துவிட்டு, நோயாளிக்குத் தேவையான மரபணுவை அந்த இடத்தில் வைத்தால் கடத்தி தயார். சொல்வதற்கு எளிது. 1999 செப்டம்பரில் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில், கல்லீரல் நொதிக் குறைபாடு கொண்ட 18 வயது இளைஞர் ஒருவருக்கு அடினோவைரஸ் கடத்தி செலுத்தப்பட்டது. நான்காம் நாள் அவர் இறந்தார். அவருடைய நோய் எதிர்ப்பு மண்டலம் அந்த வைரஸை எதிர்த்துக் கொந்தளித்ததே காரணம். அடுத்த சில ஆண்டுகளில் வேறொரு அதிர்ச்சி. நோய் எதிர்ப்பாற்றலே இல்லாமல் பிறந்த 20 குழந்தைகளுக்குப் பாரிஸிலும் லண்டனிலும் ரெட்ரோவைரஸ் கடத்தியால் சிகிச்சை அளித்தார்கள். பெரும்பாலோர் நலம் பெற்றனர். ஆனால் 5 குழந்தைகளுக்கு இரத்தப் புற்றுநோய் வந்தது. ஒரு குழந்தை இறந்தது. ரெட்ரோவைரஸ் தான் சுமந்து வந்ததைச் செல்லின் குரோமோசோமுக்குள்ளேயே செருகிவிடும். செருகிய இடம் புற்றுநோயோடு தொடர்புள்ள எல்.எம்.ஓ.2 என்ற மரபணுவுக்குப் பக்கத்தில் அமைந்துவிட, வைரஸின் முனையிலிருந்த வலுவான இயக்குவிசை அந்த மரபணுவையும் சேர்த்து முடுக்கிவிட்டது.

இரண்டு துயரங்களிலிருந்தும் துறை பாடம் கற்றது. செருகும் வகைக் கடத்திகளில், முனையிலுள்ள அந்த இயக்குவிசையை வெட்டி நீக்கிய லென்டிவைரஸ்கள் வந்தன. எய்ட்ஸ் வைரஸின் குடும்பத்திலிருந்து எடுத்து, நோய் தரும் பகுதிகள் அனைத்தையும் களைந்து உருவாக்கியவை இவை. உடலுக்கு வெளியே எடுத்த இரத்தக் குருத்தணுக்களில் மரபணுவைச் செருகித் திருப்பிச் செலுத்தும் சிகிச்சைகளுக்கு இன்றும் இவைதான் முதல் தேர்வு. உடலுக்குள் நேரடியாக ஊசி போடும் சிகிச்சைக்கு முன்னுக்கு வந்தது அடினோ சார்ந்த வைரஸ், சுருக்கமாக ஏ.ஏ.வி.

ஏ.ஏ.வி. 1965-இல் தற்செயலாகக் கண்ணில் பட்டது. பிட்ஸ்பர்க்கில் ராபர்ட் ஆட்சிசன் குழுவினர் அடினோவைரஸ் மாதிரியை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது, அதனூடே மிகச் சிறிய வேறு துகள்கள் கலந்திருந்தன. தனித்துப் பெருக அவற்றால் முடியாது. அடினோவைரஸ் போன்ற துணை வேண்டும். மனிதருக்கு எந்த நோயையும் தருவதாக நிறுவப்படவில்லை. விட்டம் சுமார் 25 நானோமீட்டர். ஒரு தலைமுடியின் குறுக்கே ஏறக்குறைய 3,000 துகள்களை வரிசையாக அடுக்கலாம். மூன்று வகைப் புரதங்களின் 60 துண்டுகள் இணைந்து இருபது முகங்கள் கொண்ட ஓர் உறையாகின்றன. அதற்குள் சுமார் 4,700 எழுத்துகள் நீளமுள்ள ஒற்றை இழை டி.என்.ஏ. இருக்கிறது. இருமுனைகளிலும் உள்ள 145 எழுத்துகளை மட்டும் விட்டுவிட்டு நடுவிலுள்ள முழுவதையும் எடுத்துவிடலாம். உறைக்குள் டி.என்.ஏ. ஏறுவதற்கு அந்த முனைகளே போதும். இப்படி வெறுமையாக்கிய கடத்தி கொண்டு போகும் மரபணு பெரும்பாலும் குரோமோசோமில் செருகிக்கொள்வதில்லை. செல்லின் உட்கருவில் தனி வளையமாகத் தங்கி வேலை செய்கிறது. நரம்பு, தசை, விழித்திரை போன்ற, அதிகம் பிரியாத செல்களில் அது பல ஆண்டுகள் நிலைக்கிறது. விரைந்து பிரியும் செல்களில் நாளடைவில் நீர்த்துப் போகிறது.

செல்லின் வாசலுக்கு வந்துவிட்டாலும் பயணம் முடிந்துவிடாது. துகள் முதலில் செல்லின் மேற்பரப்பில் உள்ள ஏற்பி ஒன்றைப் பற்ற வேண்டும். செல் அதை ஒரு சிறு பைக்குள் விழுங்கும். அந்தப் பையிலிருந்து தப்பி, உட்கருவை அடைந்து, உறை பிரிந்து, ஒற்றை இழை இரட்டை இழையாகிய பிறகுதான் மரபணு பேசத் தொடங்கும். இதில் பெரும் இழப்பு நேர்வது நடுவழியில். செல்லுக்குள் நுழைந்த துகளின் மேல் அழிவுக்கான அடையாளம் ஒன்று ஒட்டப்படுகிறது. அடையாளம் பட்டதைச் செல்லின் குப்பை அரைக்கும் அமைப்பு தின்றுவிடுகிறது. உறையின் வெளிப்பக்கம் தெரியும் டைரோசின் என்ற அமினோ அமிலங்கள்தான் அந்த அடையாளத்துக்கு வழிவிடுகின்றன என்பதை ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் அருண் ஸ்ரீவஸ்தவாவின் குழு கண்டறிந்தது. டைரோசினுக்குப் பதில் பினைல் அலனின் என்ற அமினோ அமிலத்தை அங்கே வைத்தார்கள். இரண்டுக்கும் இடையே ஓர் ஆக்சிஜன் அணு மட்டுமே வேறுபாடு. ஆனால் அழிவின் முதல் படியான பாஸ்பேட் ஒட்டிக்கொள்வது அந்த ஆக்சிஜனில்தான். அது இல்லாத உறைகள் தப்பிப் பிழைத்தன. 2008-இல் வெளியான முடிவுகளின்படி, எலிகளின் கல்லீரலில் மரபணு வேலை செய்யும் அளவு சில திரிபுகளில் பல மடங்கு உயர்ந்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அப்போது பணியாற்றிய ஜி.ஆர். ஜெயந்தரனின் குழு இதே வழியில் செரின், திரியோனின், லைசின் ஆகியவற்றையும் மாற்றி ஆராய்ந்தது. பின்னர் அவர் கான்பூர் ஐ.ஐ.டி.யில் அந்த ஆய்வைத் தொடர்ந்தார். உறையில் ஓர் அணுவை நீக்கி மருந்தளவைக் குறைக்க முடியும் என்பது இத்துறையின் மிக அழகான கண்டுபிடிப்புகளில் ஒன்று.

எந்த உறுப்புக்குப் போவது என்பதையும் உறைதான் முடிவு செய்கிறது. இயற்கையில் கிடைத்த ஏ.ஏ.வி. வகைகளுக்கு எண் கொடுத்திருக்கிறார்கள். 8-ஆம் வகை கல்லீரலை விரும்புகிறது. 9-ஆம் வகை இரத்தத்திலிருந்து மூளைக்குள் ஓரளவு கடக்கிறது. ஸோல்ஜென்ஸ்மாவில் இருப்பது அதுதான். சென்றடையும் திறன் குறைவான உறையையும் இடமறிந்து வைத்தால் போதும் என்பதற்குக் கண் மருத்துவம் சான்று. 2017 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற லக்ஸ்டர்னா, பிறவிப் பார்வையிழப்பு ஒன்றுக்கான மருந்து. அதில் 2-ஆம் வகை உறையை விழித்திரைக்கு அடியிலேயே அறுவைச் சிகிச்சை மூலம் வைக்கிறார்கள். ஒரு கண்ணுக்கு வேண்டியது 15,000 கோடி துகள்கள். பெரிய எண்ணாகத் தோன்றினாலும், ஐந்து கிலோ குழந்தையின் இரத்தத்தில் ஏற்றும் ஸோல்ஜென்ஸ்மாவோடு ஒப்பிட்டால் அதில் 3,600-இல் ஒரு பங்குகூட இல்லை.

மூளை முழுவதையுமோ உடல் முழுதும் பரந்த தசைகளையோ இப்படி ஊசியால் தொட்டுவிட முடியாது. இரத்தத்தின் வழியாகத்தான் போக வேண்டும். அதற்குப் போதிய திறனுள்ள உறை இயற்கையில் இல்லை என்பதால், பரிணாமத்தையே ஆய்வகத்துக்குள் நடத்திப் பார்க்கத் தொடங்கினர். உறைப் புரதத்தில் 588-ஆம் இடத்தை ஒட்டி வெளியே துருத்தி நிற்கும் ஒரு வளைவு உண்டு. அங்கே ஏழு அமினோ அமிலங்களைச் செருகினாலும் உறை குலையாது. இருபது வகை அமினோ அமிலங்களை ஏழு இடங்களில் அடுக்க 128 கோடி வழிகள். அப்படி அடுக்கிய கோடிக்கணக்கான திரிபுகளை ஒரே கலவையாக எலிக்குள் செலுத்தி, சில நாள் கழித்து மூளையில் எவை இருக்கின்றன என்று எடுத்துப் பார்த்து, அவற்றை மட்டும் பெருக்கி மீண்டும் செலுத்துவார்கள். நெல்லில் விதைக்கதிர் பொறுக்குவது போன்ற தேர்வுதான். பருவத்துக்குப் பதில் வாரங்களில் நடக்கிறது.

கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் விவியானா கிராடினாருவும் பென் டெவர்மனும் இவ்வாறு தேர்ந்தெடுத்த பி.எச்.பி.பி. என்ற உறை 2016-இல் வெளியானபோது துறையே நிமிர்ந்து உட்கார்ந்தது. எலியின் இரத்தத்தில் செலுத்தினால், 9-ஆம் வகையைவிட 40 மடங்குக்குக் குறையாமல் மூளையில் மரபணுவைச் சேர்த்தது. நரம்பு நோய்களுக்கு விடை கிடைத்துவிட்டது என்றே பலரும் நம்பினர். குரங்குகளில் செலுத்திப் பார்த்தார்கள். அந்தத் திறன் அங்கே இல்லை. பால்ப் சி என்ற இன எலிகளிலும் இல்லை. சில இனத்து எலிகளிடம் மட்டும் வேலை செய்யும் உறையாக அது நின்றது.

2019-இல்தான் காரணம் புரிந்தது. மூளையின் இரத்தநாளச் சுவரில் எல்.ஒய்.6.ஏ. என்றொரு புரதம் அந்த எலிகளிடம் இருக்கிறது. புதிய உறை அதைப் பற்றிக்கொண்டுதான் தடுப்பைக் கடந்திருக்கிறது. குரங்குக்கும் மனிதருக்கும் அந்தப் புரதமே கிடையாது. ஏமாற்றம்தான். ஆனால் இத்துறையின் சிந்தனையைத் திருப்பியது அந்த ஏமாற்றமே. எலியில் எது ஜெயிக்கிறது என்று பார்த்துக் காரணத்தைப் பிறகு தேடுவதைவிட, மனிதரிடம் உறுதியாக இருக்கும் ஒரு வாசலை முதலில் தேர்ந்து, அதற்கேற்ற சாவியைத் தேடுவதே மேல் என்ற முடிவுக்கு வந்தார்கள். டெவர்மன் இப்போது பிராட் ஆய்வு நிறுவனத்தில் இருக்கிறார். இரத்தத்திலிருந்து மூளைக்கு இரும்பைக் கடத்தும் டிரான்ஸ்ஃபெரின் ஏற்பியை அவருடைய குழு குறியாக வைத்தது. மனித ஏற்பியைப் பற்றும் உறையைச் சோதனைக் குழாயிலேயே தேர்ந்தெடுத்து, மனித ஏற்பி பொருத்தப்பட்ட எலிகளில் செலுத்தியபோது, மூளையில் மரபணு வேலை செய்யும் அளவு 9-ஆம் வகையைவிட 40 முதல் 50 மடங்கு உயர்ந்தது. 2024-இல் வெளியான இந்த ஆய்வு, பி.எச்.பி.பி. சறுக்கிய இடத்திலிருந்தே எழுந்தது.

தசையிலும் இதே கதை நடக்கிறது. 2021-இல் அறிவிக்கப்பட்ட மயோ ஏ.ஏ.வி. என்ற உறைக் குடும்பம், தசைச் செல்லின் மேலுள்ள இன்டெக்ரின் புரதங்களைப் பற்றும் மூன்று அமினோ அமிலத் தொடரைக் கொண்டிருக்கிறது. குறைந்த அளவிலேயே தசைகளை எட்டுகிறது. கணினியும் துணைக்கு வந்துவிட்டது. அதே 2021-இல் வந்த ஓர் ஆய்வில், உறையின் 28 அமினோ அமிலப் பகுதிக்கு எந்திரக் கற்றல் முறைகள் 2,01,426 புதிய வடிவங்களை எழுதின. அவற்றில் 1,10,689 குலையாத உறைகளாக உருவாயின. கண்மூடித்தனமாக மாற்றினால் பெரும்பாலானவை உறையாகவே சேராது என்பதை நினைத்தால் இது பெரிய தேர்ச்சி.

உறையைத் திருத்தினாலும் அதன் கொள்ளளவு கூடுவதில்லை. 4,700 எழுத்துகள் என்ற எல்லை பல நோய்களுக்குப் போதாது. டுஷேன் தசைச் சிதைவு நோயில் பழுதாகும் டிஸ்ட்ரோஃபின் மரபணுவின் புரதக் குறிப்பு மட்டுமே சுமார் 11,000 எழுத்துகள். இன்றியமையாத பகுதிகளை மட்டும் கோத்த சிறு டிஸ்ட்ரோஃபினைச் செலுத்துகிறார்கள். முழுப் புரதத்தின் வேலையை அது செய்துவிடாது. இன்னொரு வழி, மரபணுவை இரண்டாக வெட்டி இரண்டு வைரஸ்களில் ஏற்றி, செல்லுக்குள் இணைய வைப்பது. பிறவிச் செவிட்டுத்தன்மை ஒன்றுக்குக் காரணமான ஓட்டோஃபெர்லின் மரபணு ஏறக்குறைய 6,000 எழுத்து நீளம். ஷாங்காயில் ஃபூடான் பல்கலைக்கழக மருத்துவமனை அதை இரண்டு கடத்திகளில் பிரித்து, குழந்தைகளின் உட்செவியில் செலுத்தியது. ஆறு குழந்தைகளில் ஐந்து பேருக்குக் கேட்கும் திறன் வந்தது என்று 2024 ஜனவரியில் அறிவித்தனர். உள்ளே ஏற்றும் மரபணுவையே வலுப்படுத்துவதும் உண்டு. இத்தாலியின் பாதுவா நகரில் ஒருவரிடம் இயற்கையாகக் காணப்பட்ட இரத்த உறைவுக் காரணி 9-இன் திரிபு, வழக்கமானதைவிடப் பல மடங்கு வீரியமுள்ளது. இரத்தம் சரியாக உறையாத ஹீமோபிலியா பி நோய்க்கு 2022-இல் அனுமதி பெற்ற ஹெம்ஜெனிக்ஸ் மருந்து அந்தத் திரிபைத்தான் சுமக்கிறது. கிலோவுக்கு 20 லட்சம் கோடி துகள்களே போதுமாக இருப்பதில் அதற்கும் பங்குண்டு.

தவறான உறுப்புக்குப் போய்விட்ட மரபணுவை அங்கே ஊமையாக்கவும் ஏற்பாடு இருக்கிறது. கல்லீரல் செல்களில் மட்டும் மிகுந்திருக்கும் மைக்ரோ ஆர்.என்.ஏ. 122 என்ற சிறு துணுக்குக்கு இரையாகும் தொடரை மரபணுவின் வாலில் சேர்த்துவிட்டால், கல்லீரலில் உருவாகும் செய்தி அங்கேயே அறுபட்டுவிடும். தசையிலோ மூளையிலோ தடையின்றி வேலை செய்யும்.

உடலின் எதிர்ப்பைக் கடப்பதுதான் இன்னும் தீராத பகுதி. ஏ.ஏ.வி. மனிதரிடையே இயல்பாகப் பரவும் வைரஸ் என்பதால், 2-ஆம் வகைக்கு எதிரான எதிர்ப்பொருள் மக்களில் 30 முதல் 60 விழுக்காட்டினரிடம் முன்பே இருக்கிறது. அத்தகையோரிடம் மருந்து செல்லை எட்டுமுன்பே முடக்கப்படும். சிகிச்சை பெற்றவரிடமும் வலுவான எதிர்ப்பு உண்டாகிவிடும். அதே கடத்தியை மறுமுறை செலுத்த இயலாது. அளவைக் கூட்டிக்கொண்டே போனால் உயிருக்கே ஆபத்து. பிறவித் தசைநோய் ஒன்றுக்கு 8-ஆம் வகையை மிகப் பெரிய அளவில் ஏற்றிய மருத்துவச் சோதனையில், 2020-க்கும் 2021-க்கும் இடையே நான்கு சிறுவர்கள் இறந்தனர். நான்கு பேருக்கும் கல்லீரல் கெட்டிருந்தது. சிறு டிஸ்ட்ரோஃபினைச் செலுத்தும் எலிவிடிஸ் மருந்து பெற்றவர்களில், நடக்க இயலாத நிலையிலிருந்த இரு பதின்வயதினர் கல்லீரல் செயலிழந்து இறந்த செய்தி 2025-இல் வந்தது. இந்த மரணங்களுக்குப் பின் 'இன்னும் அதிகம் ஏற்றிப் பார்ப்போம்' என்ற பாதையில் போக எவருக்கும் உரிமையில்லை. குறைந்த துகள்களில் குறியை எட்டும் உறையே வழி.

விலைக்கும் அளவுக்கும் உள்ள உறவு தொழிற்கூடத்தில் தெரியும். மனிதக் கருவின் சிறுநீரகத்திலிருந்து வந்த எச்.இ.கே.293 செல்களுக்கு மூன்று டி.என்.ஏ. வளையங்களைக் கொடுத்துத்தான் கடத்திகளை வளர்க்கிறார்கள். ஒன்றில் நோயாளிக்கான மரபணு, இன்னொன்றில் உறைக்கான குறிப்பு, மூன்றாவதில் அடினோவைரஸின் துணைப் பணி. விளையும் துகள்களில் பெரும்பகுதி உள்ளீடற்ற பதர். பதரை நீக்காவிட்டால் நோயாளியின் உடல் பயனற்ற புரதத்தையும் சேர்த்து எதிர்க்க வேண்டி வரும். நிறைந்த துகளுக்கும் வெற்றுத் துகளுக்கும் எடையிலும் மின்னூட்டத்திலும் இருக்கும் சிறு வேறுபாட்டை வைத்துப் பிரிப்பது செலவு பிடிக்கும் வேலை. ஹெம்ஜெனிக்ஸ் அமெரிக்காவில் 35 லட்சம் டாலருக்கு விற்பனைக்கு வந்தது. உற்பத்தி மட்டுமே அந்த விலைக்குக் காரணமில்லை என்றாலும், நோயாளி ஒருவருக்கு வேண்டிய துகள்கள் பத்தில் ஒன்றாகக் குறைந்தால் அதே தொட்டியில் பத்துப் பேருக்கு மருந்து விளையும்.

எதிர்ப்பொருள் சிக்கலைச் சுற்றிக் கடக்கும் வழி ஒன்று வேலூரில் சோதிக்கப்பட்டது. அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும் குருத்தணு ஆய்வு மையமும் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, கடும் ஹீமோபிலியா ஏ உள்ள ஐந்து பேரின் இரத்தக் குருத்தணுக்களை வெளியே எடுத்து, லென்டிவைரஸால் உறைவுக் காரணி 8-இன் மரபணுவைச் சேர்த்துத் திருப்பிச் செலுத்தின. வைரஸ் செல்லைச் சந்திப்பது உடலுக்கு வெளியே என்பதால், இரத்தத்திலுள்ள எதிர்ப்பொருளின் குறுக்கீடு இல்லை. மருத்துவர் அலோக் ஸ்ரீவஸ்தவா தலைமையிலான அந்த ஆய்வில், மரபணு செல்லுக்குள் நன்கு ஏறத் துணைபுரியும் பொருளை மூன்று பேரின் செல்களோடு மட்டும் சேர்த்தார்கள். அந்த மூவரின் இரத்தத்தில் காரணியின் அளவு மற்ற இருவரைவிட உயர்ந்திருந்தது. 2024 டிசம்பரில் முடிவுகள் வெளியானபோது, ஐவரையும் கண்காணித்த மொத்தக் காலம் 81 மாதங்கள். அந்தக் காலம் முழுதும் ஐவரில் ஒருவருக்கும் இரத்தக்கசிவு ஏற்படவில்லை.